வெளிச்சம் பட்டால் தண்ணீர் பரவும்! திருப்பூர் சாயத் தொழிலுக்கு லாபம் உண்டா?

ஒரு துணியை நனைய வைக்க எவ்வளவு செலவாகும்?

கேட்பதற்கு வேடிக்கையான கேள்விதான். துணியைத் தண்ணீரில் போட்டால் தானாக நனைகிறது. இதில் செலவு எங்கே வந்தது என்று தோன்றும். ஆனால் திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. அங்கே துணியை நனைய வைப்பதுதான் முதல் வேலை. அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கழிவாக வெளியே வரும் தண்ணீரைச் சுத்தப்படுத்தப் பணமும் வேண்டும்.

இத்தனையும் இல்லாமல், வெறும் வெளிச்சத்தைப் பாய்ச்சியே ஒரு பொருளின் மீது தண்ணீரைப் பரவ வைக்கலாம் என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சிச் சாலையில் இது நிரூபணமான உண்மை. கண்ணாடியிலும் பீங்கான் ஓட்டிலும் வியாபாரத்துக்கே வந்துவிட்டது.

பனியன் நகரத்துக்கு இந்த வித்தை எட்டுமா? எட்டினால் யாருக்கு லாபம்? நொய்யல் ஆற்றுக்கு இதனால் விமோசனம் உண்டா? உண்மை எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

புதுத் துணி நனையாது!

நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் சாயமேறாத துணிக்கு 'கிரே துணி' என்று தொழிலில் பெயர். அதன் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே போகாது. சேம்பு இலை மேல் நிற்பது போல உருண்டு நிற்கும்.

பஞ்சு என்றால் தண்ணீரைக் குடிக்கும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்? அது சுத்தம் செய்த பஞ்சு. செடியில் விளைந்த பஞ்சு இழையைச் சுற்றி இயற்கையே மெழுகு பூசி வைத்திருக்கிறது. நூறு கிலோ பஞ்சில் இந்த மெழுகு ஒரு கிலோ கூட இராது. ஆனால் அந்தக் கொஞ்சம் மெழுகே தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் போதும்.

இது போதாதென்று, பின்னலாடை நூலுக்கு மில்லிலேயே பாரபின் மெழுகு தடவுகிறார்கள். ஊசியில் சிக்காமல் நூல் வழுக்கிக்கொண்டு ஓட இது தேவை. நிட்டிங் மெஷினின் ஊசிக்குப் போடும் எண்ணெயும் துணியில் கொஞ்சம் ஒட்டுகிறது. ஆக, மூன்று தடைகள். மூன்றையும் நீக்கினால்தான் துணி தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரைக் குடித்தால்தான் சாயத்தையும் குடிக்கும். ஓரிடத்தில் குடித்து மற்றோரிடத்தில் குடிக்காவிட்டால் நிறம் திட்டுத் திட்டாக விழும். அந்த லாட் முழுவதும் நஷ்டம்.

ஆகவேதான் பட்டறையில் முதலில் துணியைக் காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் சேர்த்துக் கிட்டத்தட்ட கொதிநிலையில் வேக வைக்கிறார்கள். பிறகு சுடுதண்ணீரில் அலசுகிறார்கள். மிச்சமிருக்கும் காரத்தைப் போக்க அசிட்டிக் ஆசிட் விடுகிறார்கள். மீண்டும் அலசுகிறார்கள். கடைசியில் ஒரு சிறு சோதனை. துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை வினாடியில் மறைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து வினாடிக்குள் மறைந்தால் துணி தேறிவிட்டது. உருண்டு நின்றால் மறுபடியும் வேக வைக்க வேண்டியதுதான்.

கோடிக்கணக்கான ரூபாய் ஏற்றுமதி வியாபாரம் அந்த ஒரு சொட்டை நம்பி நிற்கிறது.

சொட்டுக்கும் ஒரு கோணம்

ஒரு பரப்பு நனையுமா, நனையாதா என்பதை அளக்க விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பரப்பின் மீது சொட்டு உட்காரும்போது, அதன் ஓரம் பரப்போடு ஒரு கோணம் உண்டாக்குகிறது. கோணம் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்தப் பரப்புக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தாமரை இலையில் இது 150 டிகிரிக்கும் மேல். அதனால்தான் தண்ணீர் முத்தாக உருண்டோடுகிறது. கோணம் குறையக் குறையச் சொட்டு படுக்கிறது. பூஜ்யம் ஆனால், சொட்டு என்பதே இல்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் பரவிவிடும்.

இந்தக் கோணத்தின் விதியை 1805-ல் எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் யங். ஒரு பொருளின் கோணத்தை மாற்ற வேண்டுமானால் அதன் மேல்தோலை மாற்ற வேண்டும். மெழுகைக் கரைப்பது ஒரு வழி. எண்ணெய் பூசுவது எதிர்வழி. இரண்டுமே ரசாயனத்தை நம்பியவை. வெளிச்சத்தால் கோணத்தை இறக்க முடியும் என்பது அண்மைக் காலத்தில் தெரிய வந்த விஷயம்.

ஜப்பானில் நடந்த அதிசயம்

டைட்டானியம் டையாக்சைடு என்பது ஒரு வெள்ளைப் பொடி. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருப்பது இதுதான். ஜப்பானைச் சேர்ந்த அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருளின் மீது ஒளி விழும்போது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்று 1972-ல் வெளியிட்டார்கள். விரைவிலேயே பெட்ரோல் விலையும் ஏறியது. உலகமே அந்தப் பொடியைத் திரும்பிப் பார்த்தது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே பொடி மற்றொரு குணத்தைக் காட்டியது. புஜிஷிமா, கசுஹிதோ ஹஷிமோட்டோ ஆகியோரின் குழு, குளியலறைப் பீங்கான் சாமான்கள் செய்யும் டோட்டோ கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, 1997-ல் ஒரு முடிவை வெளியிட்டது. டைட்டானியம் டையாக்சைடை மெல்லிய ஏடாகக் கண்ணாடியில் பூசி, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். தண்ணீர்ச் சொட்டின் கோணம் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தை எட்டியது. எண்ணெய்ச் சொட்டும் பரவியது. கண்ணாடியை இருட்டில் வைத்தார்கள். நாளாக ஆகக் கோணம் மறுபடியும் ஏறியது. மீண்டும் ஒளி காட்டினால் மீண்டும் இறங்கியது.

ஒளி காட்டினால் நனையும்; இருட்டில் வைத்தால் மறக்கும். இதுதான் அந்த அதிசயம்.

காரணம் என்ன? ஒளி பட்டதும் அந்தப் பொடிக்குள் மின் அணுக்கள் கிளர்ந்து எழுகின்றன. அவை இரண்டு வேலை செய்கின்றன. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சிதைத்து எரிக்கின்றன. கூடவே, தண்ணீரை இழுக்கும் ஹைட்ராக்சில் அணுக்கூட்டங்களை மேல்தோலில் பெருக்குகின்றன. இரண்டில் எதற்கு அதிகப் பங்கு என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். பலன் என்னவோ கண்கூடு. தானே சுத்தமாகும் பீங்கான் ஓடுகள், நீராவி படியாத கார்க் கண்ணாடிகள் ஆகியவை வந்தன. இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 2001-ல் தானே சுத்தமாகும் ஜன்னல் கண்ணாடியைக் கடைக்கே கொண்டுவந்தது. மழை பெய்தால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் ஏடாக வழிந்து, தூசியையும் இழுத்துக்கொண்டு போகும்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் குனிஹிரோ இச்சிமுரா குழு இன்னொரு வேடிக்கை காட்டியது. ஒளி பட்டால் உருவம் மாறும் அசோபென்சீன் என்ற பொருளைக் கண்ணாடியில் ஒற்றை மூலக்கூறு ஏடாகப் படிய வைத்தார்கள். அதன்மேல் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு ஒன்றை வைத்து, ஒரு பக்கம் ஒரு நிற ஒளியும் மறுபக்கம் வேறு நிற ஒளியும் காட்டினார்கள். யாரும் தொடாமலே சொட்டு நகர்ந்து சென்றது.

2004-ல் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் வாலித் தாவுத், ஜான் சின் இருவரும் டைட்டானியம் டையாக்சைடைப் பருத்தித் துணியிலேயே படிய வைத்தார்கள். வெயில் பட்டால் கறையைத் தானே சிதைக்கும் துணி அது. அன்றைக்கே இந்த விஷயம் கண்ணாடிக் கடையிலிருந்து ஜவுளிக் கடைக்கு வந்துவிட்டது.

வெள்ளாவியும் வெயிலும்

வெளிச்சத்தைத் துணி வேலைக்கு வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். உவர்மண்ணில் துணியைத் தோய்த்தார்கள், அது காரம். வெள்ளாவியில் வேக வைத்தார்கள். பட்டறையில் இன்று காஸ்டிக் செய்யும் வேலைதான் அது. பிறகு ஆற்று மணலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் காய விட்டார்கள். ஈரமும் காற்றும் சூரிய ஒளியும் சேர்ந்து துணியை வெளுத்தன.

அந்த முறையில் ரசாயனச் செலவு குறைவு. ஆனால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கப்பல் தேதிக்கு ஓடும் ஊரில் அது நடக்காது. ஒரு நாள் பிந்தினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். லாபம் அத்தனையும் அதிலேயே போய்விடும். இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம், வெயில் நாள் கணக்கில் செய்ததை விளக்கைக் கொண்டு நிமிஷக் கணக்கில் செய்வதுதான்.

நொய்யல் கற்பித்த பாடம்

இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டிய கட்டாயம் திருப்பூருக்கு ஏன் வந்தது? காரணம் நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு இது. 1980-களிலும் 1990-களிலும் பனியன் ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழே உள்ள விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலைமை வந்தது. அணையைத் திறக்காதே என்று விவசாயியே சொல்ல நேர்ந்தது எவ்வளவு பெரிய கொடுமை!

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு கடுமையான உத்தரவு பிறப்பித்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி ஐகோர்ட்டு ஒரேயடியாகச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். துணி லாரி லாரியாக வெளியூர்ப் பட்டறைகளுக்குப் போயிற்று.

ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாதபடி சுத்திகரிக்கும் முறை சரிவர ஏற்பட்டதைக் காட்டிய பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதற்காகத் தமிழக அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று கழிவுநீரை நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டு, சவ்வு வடிகட்டியில் அழுத்தி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் தனித்தனியே மீட்கிறார்கள். மீட்ட உப்புத் தண்ணீரையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம் என்று அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டினார்கள். வெளிநாட்டினர் வந்து பார்த்துப் பாராட்டும் ஏற்பாடு இது.

ஆனால் செலவு? தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதைப் போலச் செலவு பிடிக்கும் வேலை வேறு இல்லை. இப்போது திருப்பூரில் தண்ணீருக்கு இரண்டு விலை. வாங்கும்போது ஒரு விலை. கழிவாக விடும்போது அதைவிடப் பெரிய விலை. ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரை மிச்சம் பிடித்தாலும் அது லாபம். இந்தக் கணக்கில்தான் வெளிச்சத்தின் வித்தை கவனத்துக்கு வருகிறது.

சாயம் போகும், உப்பு போகாது!

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்து வைக்க வேண்டும்.

டைட்டானியம் டையாக்சைடைச் சாயக் கழிவில் போட்டு வெயில் காட்டினால் நிறம் போய்விடும் என்பது உண்மை. உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கறுப்பாக இருந்த தண்ணீர் தெளிந்துவிடுவதைப் பார்த்தவர்கள், "இனி சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம், சூரியன் போதும்" என்று எண்ணிவிடலாம்.

ஆனால் நொய்யலைக் கெடுத்தது நிறம் மட்டும் அல்ல. பெரும் விரோதி உப்பு.

பருத்திக்கு இன்று போடும் சாயம் பெரும்பாலும் ரியாக்டிவ் வகை. தண்ணீரில் பஞ்சு இழைக்கும் எதிர் மின்சாரம். சாயத்துக்கும் எதிர் மின்சாரம். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலைத் தணித்துச் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ள உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு வெளிர் நிறமானால் 30 கிராம் அளவு. கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களுக்கு 80 கிராமும் அதற்கு மேலும் ஆகும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. போட்ட அளவு அப்படியே கழிவில் வருகிறது.

ஒளி சாயத்தின் மூலக்கூறை உடைக்கும். உப்பை உடைக்காது. உப்பு உப்பாகவே இருக்கும். தெளிந்த உப்புத் தண்ணீரை நிலத்தில் விட்டால், கறுத்த உப்புத் தண்ணீர் செய்த அதே கேட்டை அதுவும் செய்யும். வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே, கழிவைச் சுத்தப்படுத்த வெளிச்சம் போதும் என்று யாராவது யந்திரம் விற்க வந்தால், பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உப்பு எங்கே போகும்?" என்பதே. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரைக் காட்டி யாரும் ஏமாற்ற இடம் கொடுக்கக் கூடாது.

ஒளி எங்கே உதவும்?

அப்படியானால் திருப்பூருக்கு ஒளியால் பிரயோஜனமே இல்லையா? உண்டு. கழிவின் கடைசியில் அல்ல, வேலையின் தொடக்கத்தில்.

முதலாவது, நனைய வைக்கும் வேலை. குறுகிய அலையுள்ள புற ஊதாக் கதிரைக் காற்றில் பாய்ச்சினால் ஓசோன் உண்டாகிறது. கதிரும் ஓசோனும் சேர்ந்து இழையின் மேல்தோலை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. மெழுகுத் தோல் தண்ணீரை விரும்பும் தோலாக மாறுகிறது. தண்ணீரே தேவையில்லாத, உலர்ந்த முறை இது. பாகிஸ்தானின் ஜவுளி நகரமான பைசலாபாத்தில் ஆராய்ச்சியாளர்கள் பருத்தித் துணியைப் புற ஊதாக் கதிரில் காட்டிவிட்டுச் சாயமேற்றிப் பார்த்து, நிறம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சாயம் கூடுதலாகப் பிடித்தால் கழிவில் சாயம் குறையும்; அலசும் தடவையும் குறையலாம். காரமும் கொதிப்பும் முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. பஞ்சின் உள்ளே இருக்கும் அழுக்கையும், விதைத் தூளையும் வெளிச்சம் எட்டாது. ஆனால் சூட்டையும் ரசாயனத்தையும் குறைக்க இடம் உண்டு.

கம்பளிப் பின்னலாடையில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 'சைரோபிளாஷ்' என்ற முறையைக் கண்டது. கம்பளித் துணியைப் புற ஊதா விளக்கின் கீழ் ஓட விட்டு, பிறகு பெராக்சைடு போன்ற கரைசலில் நனைத்து எடுப்பார்கள். கம்பளி ஸ்வெட்டரில் விழும் சிறு உருண்டைகள் இதனால் குறைந்தன. விளக்கின் கீழ் துணியை ஓட்டுவது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு இது அத்தாட்சி.

இரண்டாவது, பாலியெஸ்டர். பருத்தியை மட்டும் நம்பாமல் செயற்கை இழை உடைகளுக்கும் போக வேண்டும் என்று திருப்பூர் தொழில் வட்டாரம் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறது. விளையாட்டு உடைகளுக்கு உலகச் சந்தை பெரிது. ஆனால் பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீத அளவு ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். உடம்பு வியர்த்தால் பிசுபிசுக்கும். இதற்காக ரசாயனம் பூசுகிறார்கள். பல சலவையில் அது போய்விடுகிறது. புற ஊதாக் கதிர் பாலியெஸ்டரின் மேல்தோலையே தண்ணீர் ஏற்கும்படி மாற்றுகிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். தொட்டியில் போட்டால் துணியின் இரு பக்கமும் நனையும். ஒளியோ, பட்ட பக்கத்தை மட்டும் மாற்றும். ஒரு பக்கம் தண்ணீரை விலக்கி, மறுபக்கம் இழுத்துப் பரப்பும் துணியைச் செய்தால், வியர்வை உடம்பை விட்டு வெளிப்பக்கம் போய் உலரும். விளையாட்டு பனியனுக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்? குறுக்கே ஓர் அட்டையை வெட்டி வைத்து ஒளி பாய்ச்சினால், வேண்டிய இடத்தில் மட்டும் நனையும்படி கோலம் போடலாம். தொட்டியால் முடியாதது இது. இங்கேதான் வெளிச்சத்துக்கு உண்மையான வியாபாரம் இருக்கிறது.

ஒளி ஆடைத் தொழிலுக்குள் நுழைய முடியும் என்பதற்கு ஜீன்ஸ் சாட்சி. மணல் அடித்தும் ரசாயனம் தெளித்தும் செய்த நரைத்த தோற்றத்தை இப்போது பல தொழிற்சாலைகளில் லேசர் ஒளி செய்கிறது.

பீப்பாயில் இருக்கும் பொடி வேறு

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் டைட்டானியம் டையாக்சைடு ஏற்கனவே இருக்கிறது. பனியனில் வெள்ளை எழுத்து அடிக்கும் பசையில் அதுதான் வெண்மை தருகிறது. பளபளப்புக் குறைந்த பாலியெஸ்டர் நூலிலும் அது கலந்திருக்கிறது. அதன் மூலப்பொருளான இல்மனைட் மணலைக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே எடுக்கிறார்கள். "பொருள் நம்மிடமே இருக்கிறதே!" என்று சந்தோஷப்படத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. பெயிண்டுக்கும் பிரிண்டுக்கும் வரும் பொடி பெரும்பாலும் 'ரூட்டைல்' வகை. ஒளி பட்டு அது வேலை செய்யத் தொடங்கினால் பெயிண்டே உதிர்ந்துவிடும் என்பதால், அதன் மேல் சிலிக்காவும் அலுமினாவும் பூசி அடக்கி வைத்திருக்கிறார்கள். நனைய வைக்கும் வேலைக்கு வேண்டியது 'அனடேஸ்' வகையின் மிக நுண்ணிய பொடி. பெயர் ஒன்று, குணம் வேறு.

அந்த நுண்பொடிக்கும் ஒரு குறை உண்டு. அது கறையை மட்டும் பார்த்து எரிப்பதில்லை. துணியின் சாயத்தையும் சிதைக்கும். நாளடைவில் பஞ்சு இழையையும் பலவீனப்படுத்தும். வீட்டைச் சுத்தம் செய்ய வந்த ஆள் சுவரையும் இடித்த கதைதான். இடையில் சிலிக்கா ஏடு வைத்து இதைத் தடுக்க ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. வெள்ளைத் துணிக்கு இந்தப் பூச்சு பொருந்தலாம். கருநீலத்துக்கு யோசிக்க வேண்டும்.

இன்னும் சில தடைகள்

வெயில் இலவசம்தானே என்று கேட்கலாம். இந்த வேலைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர், பூமிக்கு வரும் சூரிய ஒளியில் சுமார் 5 சதவீதம்தான். குறுகிய அலைக் கதிர் பூமிக்கு வருவதே இல்லை. வானத்து ஓசோன் தடுத்துவிடுகிறது. ஆகவே விளக்கு வேண்டும்; விளக்குக்கு மின்சாரம் வேண்டும். விறகில் மிச்சம் பிடித்ததை மின்சார பில்லில் கட்டினால் பயன் என்ன?

அடுத்து, நிலைத்து நிற்கும் காலம். ஒளி கொடுத்த குணம் நாளாக ஆகக் குறையும். இன்று ஒளி காட்டிய பாலியெஸ்டர் துணியை மாதக் கணக்கில் கிடங்கில் வைத்துவிட்டுச் சாயத்துக்கு எடுத்தால் பலன் குறைந்திருக்கும். காட்டிய கையோடு சாயமேற்ற வேண்டும். ஒரு கம்பெனியில் நிட்டிங், இன்னொன்றில் சாயம், மற்றொன்றில் காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க்கில் பிரிந்து கிடக்கும் ஊரில் இது சுலபம் அல்ல.

தொழிலாளியின் கண்ணையும் தோலையும் மறக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் கண்ணைச் சுடும். ஓசோன் நெஞ்சை அடைக்கும். விளக்கை முழுவதும் மூடி, புகைபோக்கி வைத்து, கதவைத் திறந்தால் தானே அணையும்படி அமைக்காத யந்திரத்தைப் பட்டறைக்குள் விடுவது பாவம்.

மழைக்கோட்டு செய்யலாம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் புளோரின் கலந்த ரசாயனங்களைப் பூசி வந்தார்கள். அவை மண்ணிலும் தண்ணீரிலும் அழிவதே இல்லை. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் ஆடைகளில் இவற்றைத் தடை செய்தது. பிரான்சு 2026 ஜனவரி முதல் தடை என்று சட்டம் இயற்றியது. ஏற்றுமதிக்காரர்களுக்கு மாற்று தேவைதான். ஆனால் ஒளியால் குணம் மாறும் பூச்சு அதற்கு ஆகாது. இருட்டில் நனையாமல் இருந்து, வெயில் பட்டதும் நனையத் தொடங்கும் மழைக்கோட்டை யார் வாங்குவார்கள்?

யார் முன்வருவது?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் கதிகலங்கியது. அன்றே ஒரு பாடம் தெளிவாயிற்று. விலைக் குறைவை மட்டும் நம்பி விற்கும் சாதாரண பனியனை எந்த நாடும் செய்துவிடும். வேறு யாரிடமும் கிடைக்காத குணமுள்ள துணிக்குத்தான் பேரம் பேசும் பலம் உண்டு.

ஆனால் புது யந்திரம் வாங்கிப் பரிசோதிக்கும் சக்தி பெரிய கம்பெனிக்கு இருக்கும்; சிறு பட்டறைக்கு இராது. 2011-ல் மூடிய பட்டறைகளில் சிறியவைதாம் அதிகம் அடிபட்டன. புதுமை என்ற பெயரில் அவர்களை மறுபடியும் கடனில் தள்ளுவது நியாயம் அல்ல.

வழி என்ன? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கூட்டாகக் கட்டிய ஊர் இது. அதேபோல் ஒரு பொதுப் பரிசோதனைச் சாலையையும் கூட்டாக அமைக்கலாம். பக்கத்துக் கோவையில் 1956-லிருந்து 'சிட்ரா' என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் சங்கமும், சாய ஆலை உரிமையாளர்களும், ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஒரே ஒரு விளக்கு யந்திரத்தை வைத்துப் பார்க்கட்டும். செலவை அரசு பங்கிட்டுக்கொள்ளட்டும்.

பரிசோதனையில் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம்? எத்தனை கிராம் உப்பு மிச்சம்? விறகும் மின்சாரமும் சேர்த்துக் கூட்டினால் செலவு கூடுகிறதா, குறைகிறதா? இருபது சலவைக்குப் பிறகும் அந்தக் குணம் நிற்கிறதா? இந்த நான்குக்கும் கிடைக்கும் எண்களை ஒளிக்காமல் எல்லாப் பட்டறைக்கும் அறிவிக்க வேண்டும். எண் சாதகமாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு யந்திரத்தின் செலவோடு போகும்.

உப்பே தேவையில்லாமல் சாயமேற்றப் பஞ்சின் மின்சாரத்தையே மாற்றும் ரசாயன முறைகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அவற்றையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

நொய்யல் கெட்டதற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லாமை அல்ல. கழிவு எங்கே போகிறது என்ற கணக்கைப் பார்க்காமல் தொழிலைப் பெருக்கியதுதான் காரணம். அந்தக் கணக்கைப் பார்க்கத் திருப்பூர் 2011-ல் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. வெளிச்சம் வந்தாலும் வேறெது வந்தாலும், அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் மூடி வைக்கக் கூடாது.